முனியாண்டிக்குக் கோப்பி ஊற்றியவன்

குடியை விடுவதற்கான பன்னிரண்டு படிகளில் மூன்றாவது, அவரவர் அறிந்த கடவுளிடம் தன்னை ஒப்படைக்கச் சொல்கிறது. நான் அறிந்த கடவுள் கோலா சாவா தோட்டத்து முனியாண்டி. அவருக்கே வருஷா வருஷம் ஸ்டவுட் பீரும் சுருட்டும் வைத்துத்தான் படையல் போடுகிறோம். (அவரிடம் போய் எதை ஒப்படைக்க?)

அப்போது நான் குடியை விட்டு எட்டு மாதம். தெமியாங்கில் ஒரு மாடியறையில், குடியை விட்டவர்களுக்கு வாரம் இரண்டு கூட்டம். ஒவ்வொருவராக எழுந்து, "என் பேரு மணியம், நான் ஒரு குடிகாரன்" என்பதுபோல ஆரம்பிக்க வேண்டும். மனைவி லெட்சுமி அதற்கு முன்பே மகளைக் கூட்டிக்கொண்டு லோபாக்கில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். "பூசைக்கு வாரேன். உங்களப் பாத்துட்டு, வீட்டுக்கு வாரதா வேணாமான்னு முடிவு பண்றேன்" என்று சொல்லியிருந்தாள்.

பூசையில்தான் சிக்கல். சாமி வந்து ஆடுவது என் தாய்மாமன் ஆறுமுகம். பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டு, மீதியைக் குடும்பத்தின் மூத்த ஆணிடம் நீட்டுவார். அப்பா போன பிறகு அது நான். வாங்காவிட்டால் சாமிக் குத்தம், வாங்கினால் எட்டு மாதமும் போச்சு.

கூட்டத்தில் எனக்குத் துணையாக இருந்த ஜோசப் அண்ணன் (லோரி ஓட்டுகிறவர், பதினோரு வருஷமாகக் குடிக்காதவர்) ஒரே வரியில் சொன்னார்: "மாமாகிட்ட முன்னாடியே சொல்லிரு லா தம்பி."

அந்த ஒரு வரி எனக்கு வாயில் வரவில்லை. தோட்டத்தில் பாதிப் பேர் என்னைக் கால்வாயிலிருந்து தூக்கி வீட்டில் போட்டவர்கள். அவர்களிடம் போய், "நான் குடிப்பதில்லை" என்று சொல்ல வெட்கமாம்!

அதனால் தந்திரம் செய்தேன். பூசையன்று காலை ஃபிளாஸ்க் நிறையக் கறுப்புக் கோப்பி. கோயிலுக்குப் பின்னால் செம்பனை மரத்தடியில் குந்தி, படையல் பாட்டிலில் இருந்த ஸ்டவுட்டைக் கவிழ்த்துவிட்டுக் கோப்பியை ஊற்றி மூடியை அமுக்கினேன். அவசரத்தில் பாதி ஸ்டவுட் என் சட்டையில். எட்டு மாதம் கழித்து அந்த வாசனை. பொய் சொல்வானேன், நனைந்த ஒரு விரல் உதடு வரைக்கும் போய்விட்டது. அதை வேட்டியில் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே லெட்சுமி.

"கீழ ஊத்திக்கிட்டு இருந்தேன்" என்றேன். (உலகத்தில் எந்தக் குடிகாரன் இதைச் சொல்லவில்லை?)

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு காரை நோக்கி நடந்தாள். நாறுகிற சட்டையோடு பின்னால் ஓட எனக்குத் தைரியமில்லை.

அதற்குள் உறுமி முழங்கிவிட்டது. மாமாவுக்குச் சாமி வந்தது; பாட்டிலை வாயில் கவிழ்த்து ஒரு மடக்கு இழுத்தார். புளிச்சென்று துப்பினார். உறுமி நின்றது.

"எவன்டா எனக்குக் கோப்பி ஊத்துனவன்?"

தோட்டமே ஒருவரை ஒருவர் பார்த்தது. நான் கைகூப்பியபடி முன்னால் போனேன். என்ன பேசுவதென்று தெரியாமல் பழக்கதோஷத்தில் வந்துவிட்டது: "என் பேரு மணியம். நான் ஒரு குடிகாரன்."

கூட்டத்தில் இப்படிச் சொன்னால் வணக்கம் சொல்வார்கள். இங்கே பின்னாலிருந்து யாரோ, "தெரியும் லா!" என்றார்கள்.

சிரிப்பு அடங்கியதும் மிச்சத்தையும் சொன்னேன். "எட்டு மாசமா தொடல சாமி. இன்னிக்குக் குடிச்சா நாளைக்கும் குடிப்பேன். வேணாம்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு." அதற்குமேல் அழுகைதான் வந்தது.

சாமி என் நெற்றியில் விபூதியை அறைந்தது. "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடா?"

கார்க் கதவைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்த லெட்சுமி திரும்பி வந்தாள். மாமா கையிலிருந்த பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தாள். "சாமிக்குக் கொடுக்கிறதுல கொஞ்சம் சீனி போட்டிருக்கலாம்ல?" என்றாள். அடுத்த வாரம் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள்.

நாலு வருஷமாகிறது. எங்கள் குடும்பத்தில் யார் கோப்பி கலக்கினாலும், "சாமிக்கு ஒரு கப் எடுத்து வைங்க" என்று மாமாவே ஆரம்பித்துவைப்பார். லெட்சுமியும் எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் வேலை முடிந்து நான் அரைமணி நேரம் பிந்தி வந்தாலும் வாசலிலேயே நிற்பாள். "ஊதுங்க" என்பாள்.

கோபித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஊதிக் காட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறேன்.