கண்ணு செவக்கலாம்

“மாப்ள, கொஞ்சம் ஊதுங்க” என்றார் இன்னாசி, மூக்கை நீட்டிக்கொண்டு.

கார்முகில் ஊதினான். மாமனாருக்குக் காபி வாசம்தான் கிடைத்தது.

“அப்பறம் ஏன் கண்ணு ரெண்டும் மொளகாப்பழமா இருக்கு?”

“வெங்காயம் உரிச்சேன் மாமா.”

மனைவி ஷர்லியை அடக்கம் செய்த அன்று அவள் பிறந்த ஆவூரே அழுதது. புருஷன் அழவில்லை. பிறகும் அழுகை வரவில்லை, அவ்வளவுதான். மாமியார் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

சிவப்புக்குக் காரணம் மருந்து. கண்ணில் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்னும் நோய் அவனுக்கு. திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரி, கைனேஸ் தடுப்பான் என்ற புதுச் சொட்டைச் சோதித்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குள் தேங்கும் நீரை அது வடிய வைக்குமாம். பழைய சொட்டோடு இதையும் படுக்கும்போது ஒரு சொட்டு விட வேண்டும். அடக்கம் முடிந்த வாரமே கையெழுத்துப் போட்டான். நர்ஸ் பிளெஸ்ஸி நெடுநேரம் விளக்கினாள். அவன் காதில் விழுந்தது “கண்ணு செவக்கலாம்” மட்டும்.

மாமனாரிடம் சொல்லவில்லை. பார்வை போகிறவனிடம் பேத்தியை யார் விடுவார்கள்?

மறுநாளே மாமியார் போன் செய்தார். “தெனம் வெங்காயமாம்ல? சரக்குக்குத் தொட்டுக்க பஜ்ஜி போடுறீங்களோ?”

கறுப்புக் கண்ணாடி வாங்கினான். ஷர்லிக்கான பூசையில் அதோடு நின்றான்.

“பொண்ணு பாக்கக் கெளம்பிட்டாரு” என்றாள் மாமியாரின் தங்கை அடைக்கலமேரி, அவனுக்குக் கேட்கும்படியே.

கழற்றினான்.

“ஆத்தாடி! பூசைக்கே ஊத்திட்டு வந்திருக்காரு!”

திங்கட்கிழமை இன்னாசி ஆலங்குடியில் அவன் வீட்டுக்கே வந்துவிட்டார். “பாப்பாவ ஆவூருக்குக் கூட்டிட்டுப் போறேன். குடிக்கிறவங்ககிட்ட விட முடியாது.”

வேறு வழியில்லை. நோயைச் சொன்னான்.

“கண்ணு வேற போகுதா? அப்ப ரெண்டுக்கும் சேத்துக் கூட்டிட்டுப் போறேன்.”

“குடியில்ல மாமா, மருந்து. நர்ஸே சொல்வாங்க. வந்து கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.”

பாப்பா ஸ்கூலுக்குப் போனதும் இருவரும் திருச்சிக்குப் பஸ் ஏறினார்கள்.

பிளெஸ்ஸி அழுத்தம் பார்த்தாள். “நல்லா கட்டுப்பட்டிருக்குண்ணே. இப்பதைக்கு பயமில்ல.”

“செவப்பு இந்தப் புதுச் சொட்டாலதான்னு மாமாகிட்ட சொல்லும்மா. வடிஞ்சு தெனம் தலகாணி வேற நனையுது.”

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு அவனை.

“சோதனை முடிஞ்சு, யாருக்கு எதுன்னு நேத்துத்தான் பிரிச்சாங்கண்ணே. பாதிப் பேருக்குத்தான் மருந்துன்னு அன்னைக்கே சொன்னேனே. ஒங்க பாட்டில்ல இருந்தது மருந்தில்லாத வெறும் சொட்டு. அதுல இப்படிச் செவக்காது. ஒரு சொட்டுல தலகாணியும் நனையாது.”

இன்னாசி சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையை மேலிருந்து கடைசி வரி வரை படித்தார். பிறகு கார்முகிலின் தோளைத் தொட்டார்.

“எந்திரிங்க மாப்ள, ஸ்கூல் விட்டா பாப்பா ஒங்க வீட்டுக்குத்தான் வரும். என் தலகாணியும் தெனம் அப்படித்தான்.”