பிளாகொயாவுக்கு ஆகாத காற்று

ஏசி மெக்கானிக் மெண்டே சுவரில் பென்சிலால் போட்டிருந்த பெருக்கல் குறியை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார் பிளாகொயா.

"ஓட்டை போடணும்னா முதல்ல என்னைத் துளை. அப்புறம் சுவரைத் துளை."

மெண்டே கையிலிருந்த டிரில்லைப் பார்த்தான். பெரியவரின் தொந்தியைப் பார்த்தான். கடைசியில் அவர் மகன் ட்ராய்ச்சேயைப் பார்த்தான்.

"அண்ணே, இது செங்கல்லுக்கு உள்ள டிரில்லு."

ட்ராய்ச்சேக்குச் சிரிப்பு வரவில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தர் அவன். ஏழு வருஷம் பாடுபட்டு மாடி வீடு கட்டி, மே மாதம்தான் குடும்பத்தோடு குடிவந்திருந்தான். ஜூலை பிறந்ததும் நெகோடினோ ஊரே நாற்பத்திரண்டு டிகிரியில் வறுபட்டது. புதுக் கான்கிரீட் பகலெல்லாம் குடித்த வெயிலைப் பொழுது சாய்ந்ததும் உள்ளே கக்கியது. மனைவி ஸ்னேஜனாவுக்கு ஏழாம் மாதம். பனி என்று அர்த்தம் வரும் அந்தப் பெயரில் மட்டும்தான் அவளுக்குக் குளிர்ச்சி. பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு நாளெல்லாம் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, அவளுக்கு மூச்சு முட்டுதுப்பா."

"குறுக்குக்காத்து உள்ள வந்தா மூச்சே இருக்காது. எதிர்வீட்டு ஸ்டோயனுக்கு என்ன ஆச்சு? மருமக வீட்டு ஏசிக்குக் கீழ ஒரு மணி நேரம் தூங்கினான். எழுந்தப்ப வாய் காதுகிட்ட இருந்துச்சு."

"ஸ்டோயனுக்கு வந்தது பக்கவாதம்."

"ஆமா, பக்கத்துல இருந்து அடிச்ச காத்தால வந்த வாதம்!"

மனை பிளாகொயாவுடையது. அதனால் அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் எடை அதிகம். மெண்டே டிரில்லைப் பெட்டியில் வைத்தான்.

படுக்கையறை வேண்டாம், கூடத்தில் மாட்டலாம் என்றான் ட்ராய்ச்சே. காற்றுக்குத் திரும்பத் தெரியாதா என்று கேட்டார் பிளாகொயா. பேசிவிட்டு, இரண்டு மணி அடித்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தினமும் மத்தியானம் அவர் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுவார். ஏழு மணிக்குத்தான் வருவார்.

"இந்த வெயில்ல தோட்டமா?" என்றான் ட்ராய்ச்சே.

"போகட்டும்டா" என்றாள் அம்மா டோப்ரின்கா. "வீடு அடுப்பா இருக்கு. அங்க மரத்தடியிலயாவது உக்காரட்டும். நானே அதனாலதான் விட்டு வெச்சிருக்கேன். இல்லேன்னா இங்க அவருக்கு எவ்வளவு வேலை கிடக்கு!"

வேகாத வெயிலில் கொடிகளுக்கு நடுவே அப்பா வாடுவதை நினைத்து ட்ராய்ச்சேக்கு மனசு கேட்கவில்லை. அவருக்கும் ஒத்துக்கொள்ளும்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று மறுநாள் ஒரு மின்விசிறி வாங்கி வந்தான். பெரியவர் தோட்டத்தில் இருந்த நேரம் பார்த்து மெண்டே அதைச் சமையல்கட்டு உத்தரத்தில் மாட்டினான்.

விசையைப் போட்டார்கள்.

அம்மா மாஸ்னிக் என்ற அடுக்கு ரொட்டி செய்வதற்காகக் காகிதம்போல் தேய்த்து மேசையில் உலர்த்தியிருந்த மாவுத்தாள்கள் பன்னிரண்டும் எழுந்து பறந்தன. ஒன்று ஸ்னேஜனாவின் வயிற்றில் படிந்தது. ஒன்று மெண்டேயின் முகத்தில் ஒட்டியது.

"கழட்டு" என்றாள் டோப்ரின்கா.

"அம்மா, கொஞ்சம் மெதுவா வெச்சா..."

"காலையில நாலு மணிக்கு எழுந்து தேய்ச்சேன்டா. கழட்டு!"

அதுவரை நடுநிலையாக இருந்த அம்மாவும் இப்படி எதிர்க்கட்சிக்குப் போய்விட்டாள்.

புதன்கிழமை மெண்டே ஒரு யோசனையோடு வந்தான். "அண்ணே, காத்தே இல்லாம குளிர வைக்கலாம். தரைக்குக் கீழ குழாய் பதிச்சு, அதுல குளிர்ந்த தண்ணியை ஓட விடறது. ஒரு இலை அசையாது."

அன்று இரவுச் சாப்பாட்டில் ட்ராய்ச்சே வெற்றியோடு சொன்னான். "அப்பா, குறுக்குக்காத்தே கிடையாது. எந்தக் காத்துமே கிடையாது."

பிளாகொயா தர்பூசணித் துண்டைக் கீழே வைத்தார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் விதைகளை மென்றார்.

"கீழ இருந்து வர்ற குளிரா?"

"ஆமா."

"உள்ளங்கால் வழியா ஏறி நேரா சிறுநீரகத்துக்குப் போகும். போற வழியில உன் பொண்டாட்டிக்கு என்ன இருக்குன்னு யோசிச்சியா?"

"மாமா, போற வழியில இருக்கறது என் பிள்ளை. அது உள்ள வேகுது" என்றாள் ஸ்னேஜனா.

வியாழக்கிழமை ட்ராய்ச்சே யாரையும் கேட்கவில்லை. மாதிரிக்கு ஒரு மூலையில் மட்டும் தரைக்கல்லைப் பெயர்த்துப் பார்க்கச் சொன்னான். மெண்டே மூன்று தட்டுத் தட்டினான். நாலாவது தட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. புதுத் தரை, புதுக் கம்பளம், அம்மாவின் நாற்காலிகள், எல்லாம் கணுக்காலளவு தண்ணீரில் நின்றன. டோப்ரின்கா வாளியோடு ஓடினாள். ட்ராய்ச்சே தெரு வால்வைத் தேடி ஓடினான். அந்த வீட்டில் அன்று சந்தோஷமாக இருந்தது ஸ்னேஜனா மட்டும்தான். தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்படியே விடுங்க. இதுதான் நல்லா இருக்கு."

தண்ணீரை இறைத்து முடித்த பிறகு அவள் கணவனைக் கூப்பிட்டாள். குரல் சாந்தமாக இருந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"நாளைக்கு மத்தியானம் மூணு மணி பஸ்ஸுக்கு ஓஹ்ரிட் போறேன். எங்கம்மா வீட்டு ஜன்னலைத் திறந்தா ஏரிக் காத்து. பிரசவம் அங்கதான்."

"ஸ்னேஜனா, இன்னும் ரெண்டு மாசம் இருக்கே!"

"ரெண்டு மாசமும் உங்கப்பாவோட சிறுநீரகத்தைப் பத்திரமா பாத்துக்கோ."

வெள்ளிக்கிழமை ட்ராய்ச்சே விடுப்பு எடுத்தான். மெண்டே மறுபடியும் ஏசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பிளாகொயாவுக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது. முதல்முறையாகத் தோட்டத்துக்குப் போகவில்லை. பெருக்கல் குறிக்குக் கீழே நாற்காலி போட்டு, கம்பளிச் சால்வையைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வியர்வை தாடையிலிருந்து சொட்டியது.

"அப்பா, எழுந்திரு."

"முடியாது."

"எழுந்திருன்னு சொல்றேன்!" ட்ராய்ச்சேயின் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. முப்பத்தெட்டு வயசில் அப்பாவிடம் முதன்முதலாகக் கத்தியிருந்தான்.

பெரியவர் அசையவில்லை.

ஸ்னேஜனா பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"விடு ட்ராய்ச்சே. நான் கிளம்பறேன். மாமா, ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். பிள்ளை ஓஹ்ரிட்ல பிறந்தா, பக்கத்துல இருக்கற தாத்தா பேரைத்தான் வெப்போம். பையனா இருந்தா கிளிமே."

பிளாகொயாவின் வாய் திறந்தது. "கிளிமேயா? உங்கப்பன் பேரா?"

"ஆமா."

"என் மனையில கட்டின வீட்டுல ஒரு கிளிமேயா?"

அவர் எழுந்தார். நாற்காலியை ஓரமாக நகர்த்தினார். "துளைடா" என்றார் மெண்டேயிடம், அடக்கத்துக்கு நாள் குறிப்பவர்போல.

மூன்று மணிக்கு ஏசி ஓடியது. ஸ்னேஜனா பெட்டியை உள்ளே தள்ளிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தாள். டோப்ரின்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அட, சொர்க்கம்டா!" என்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இனிமே நீங்க வெயில்ல தோட்டத்துக்கு அலைய வேண்டாம். மத்தியானமெல்லாம் என்கூட இங்கயே இருங்க. அவரைக்காய் நார் உரிக்கணும், அலமாரிக்குப் பெயிண்ட் அடிக்கணும், எங்கக்கா வேற பேசறதுக்கு வரேன்னு சொல்லியிருக்கா."

பிளாகொயாவின் முகம் வெளுத்தது. குளிர் காற்று பட்டுத்தான் அப்படி என்று ட்ராய்ச்சேக்குக் குற்ற உணர்ச்சியாகிவிட்டது. பாவம், பெயருக்காக உயிரையே பணயம் வைத்துவிட்டார். ஒரு துண்டை எடுத்து அப்பாவின் கழுத்தைச் சுற்றிக் கட்டினான்.

அப்போது வாசல் கதவு தட்டப்பட்டது. பேருந்து நிலையத்துக்கு எதிரே காபிக்கடை வைத்திருக்கும் ராய்னா, காபித்தூளும் வியர்வையுமாக உள்ளே எட்டிப் பார்த்தாள். சுவரில் மினுக்கிய பச்சை விளக்கைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயோ பிளாகொயா அண்ணே, தினமும் நீங்க சீட்டாடற எங்க கடை ஏசிக்குக் கீழ இருக்கற நாற்காலியை யாருக்கும் விடாம ஒரு மணி நேரமா காத்துக்கிட்டிருக்கேன், நீங்க பயந்த மாதிரியே இவங்க வீட்டையும் குளுகுளுன்னு ஆக்கிட்டாங்களா?"