ஐந்தருவி எண்ணெயும் இடைநிலைப் பிரிவும்

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் புதியவர் பிரிவுக்காரன் பயந்து ஓட்டுவான். வல்லுநர் பிரிவுக்காரன் தெரிந்து ஓட்டுவான். நடுவில் உள்ள இடைநிலைப் பிரிவில்தான் பயமும் இருக்காது, தெரியவும் தெரியாது. போன சாரல் பருவத்தில் நான் அங்கேதான் இருந்தேன்.

எதற்கும் கிழமையும் நேரமும் குறித்து வைக்கிற ஆள் நான். ஞாயிறு, மதியம், மேலகரம் தாண்டி ஒரு மண் தடம். சாம்பியன்ஷிப்பின் கடைசிப் பந்தயம். அதை முழுதாக ஓட்டி முடிக்காவிட்டால் மறுபடி புதியவர் பிரிவுக்கே இறக்கிவிடுவார்கள். (வீட்டில் ஏற்கெனவே என்னைச் சாம்பியன் என்று அறிவித்திருந்தேன்.)

பெரிய வீரர்கள் பந்தயத்துக்கு முன் உடம்பைப் பிடித்துவிடச் சொல்வார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். நமக்குத்தான் ஐந்தருவி இருக்கிறதே! காலையிலேயே போய் மசாஜ்காரரிடம் படுத்தேன். உச்சி முதல் பாதம் வரை எண்ணெய்.

"அருவில போயி நில்லுங்க அண்ணாச்சி, பூராம் போயிரும்" என்றார்.

போனால், கயிறு கட்டிப் போலீஸ்காரர் நிற்கிறார்.

"மலையில மழை. தண்ணி கூடிட்டு. யாரும் எறங்கக் கூடாது."

"சார், எண்ணெய் தேய்ச்சிட்டேனே!"

"என்னைக் கேட்டா தேய்ச்சிய?"

துண்டால் துடைத்தேன். எண்ணெய் இடம் மாறியதே தவிரப் போகவில்லை. வேறெங்கும் குளிக்க நேரமில்லை.

துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த என் மனைவியின் தம்பி மைதீன்தான் அன்றைக்கு மெக்கானிக்.

"என்ன மச்சான், மினுமினுன்னு இருக்கிய?"

"வேர்வை" என்றேன்.

தொடக்கக் கோட்டில் வண்டிகளை மறித்திருந்த தடுப்பு விழுந்தது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன். கை திரும்பியது, கையுறை திரும்பவில்லை! மற்ற வண்டிகள் எழுப்பிய புழுதி அடங்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.

"முறுக்குங்க மச்சான்!"

"முறுக்கிட்டுத்தாம்லே இருக்கேன்!"

பல்லைக் கடித்து இறுக்கியதில் வண்டி பாய்ந்தது. முதல் மேட்டில் நானும் வண்டியும் சேர்ந்துதான் எழும்பினோம். இறங்கும்போது வண்டி மட்டும் சரியாக இறங்கி, வளைவு வரை தானாகவே போனது. நான் இருக்கையில்லாமல் உட்கார்ந்த வாக்கில் தரைக்கு வந்து சேர்ந்தேன்.

மைக்கில் ஒரே அதிர்ச்சி: "வண்டி வருது... ஐயையோ, ஆளைக் காணோம்!"

தூக்க ஓடிவந்த இருவர் ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். நழுவிப் பொத்தென்று மறுபடி விழுந்தேன்.

"ஏலே, விரால் மீனு கணக்கா வழுக்குதாரு. மண்ணைத் தேய்ச்சுப் பிடிலே!"

தேய்த்தார்கள். தடத்துக்கு வெளியே போய்ச் சேர்வதற்குள் பந்தயம் முடிந்திருந்தது. இப்போது நான் மறுபடியும் புதியவர் பிரிவில்.

துபாய் திரும்பிவிட்ட மைதீன் இன்றும் அழைத்தால் முதலில் நலம் விசாரிப்பதில்லை.

"மச்சான், போனை நல்லாப் பிடிச்சிருக்கியளா?"