இதோடை சரிக்காரர்

ஆண்டவனின் படைப்பில் இதோடை சரிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமலிருக்காது, வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். "இந்த ஒண்டை மட்டும் மாத்திப்போட்டமெண்டால் இதோடை சரி" என்பார். மாற்றுவார். மறுநாள் காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும்போதே அவருடைய கண் இன்னொன்றில் போய் நிற்கும். சிலருக்கு இந்தக் குணம் சமையலறையில் வரும், சிலருக்குப் பூசையறையில் வரும். கொஞ்சம் முற்றினால் காரில் வரும். நன்றாக முற்றினால் அமெரிக்கக் காரில் வரும்.

குலசேகரத்தாருக்கு நன்றாகவே முற்றியிருந்தது.

பாரிசில் ரூ காய் என்ற தெருவில் றோல்ஸும் வடையும் கொத்துரொட்டியும் விற்கிற சின்னக் கடை அவருடையது. வீடு புறநகரான லெ பிளாங்-மெனிலில். வயது ஐம்பத்திரண்டு. நெற்றியில் திருநீறு, முழங்கை வரைக்கும் மாவு. இப்படிப்பட்ட மனிதர் 2012ஆம் ஆண்டு வசந்தத்தில் மஸ்ராங் என்ற சிவப்பு அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கினார். பழையதுதான். எட்டு சிலிண்டர், இரண்டே கதவு, கியர் தானாக மாறும் ஓட்டோமற்றிக். ஏன் ஓட்டோமற்றிக் என்று கேட்கிறீர்களா? போர்த் து லா சப்பல் நெரிசலில் கிளச்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துபோயிற்று என்று ஊருக்குச் சொன்னார். உண்மையில், கியர் போடாத கை சும்மா இருக்கும். சும்மா இருக்கிற கையால் முன்னாலிருக்கும் பிள்ளையாரைத் தொட்டுக் கும்பிடலாம்.

பாரிசுக்கு வெளியே, விமானம் இறங்குவதை மறந்துபோன ஒரு பழைய ஓடுபாதையில் மாதம் ஒரு ஞாயிறு கார் ஓட்டம் நடக்கும். ஓட்டம் என்றால் சுற்றிச் சுற்றி வருவதல்ல. நேர்கோடு. நானூறு மீற்றர். பச்சை விளக்கு எரிந்ததும் நின்ற இடத்திலிருந்து பாய வேண்டும். போய்ச் சேர்ந்ததும் எத்தனை செக்கன் என்று ஒரு துண்டில் அடித்துக் கொடுப்பார்கள். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகவே மனிதர் மாதம் முழுக்க மாவு குழைத்தார். அங்கே, அந்தப் பதினாலு செக்கனுக்கு, உலகத்தில் ஒருவரும் அவரிடம் "அண்ணை, ரெண்டு றோல்ஸ்" என்று கேட்பதில்லை. இருபது வருடப் பிரான்சு வாழ்க்கையில் அவருக்கே அவருக்கென்று கிடைத்த பதினாலு செக்கன்.

அதைப் பதின்மூன்றாகக் குறைக்க ஏன் அப்படிப் பாடுபட்டார் என்பதுதான் இன்றுவரை ஒருவருக்கும் விளங்காத சங்கதி.

முதல் துண்டில் 14.71 என்று இருந்தது. அன்றிலிருந்து கடைக்கு வடை வாங்க வந்தவரெல்லாம் அவருக்கு ஆலோசகர். எதிர்ச் சலூன்காரர் தவரத்தினம் கார் ஓட்டத் தெரியாதவர். ஆகவே அவரிடம் ஆலோசனை நிறைய இருந்தது.

"அண்ணை, எஞ்சினுக்குக் காத்துப் போற குழாயைப் பெரிசாக்குங்கோ. மூக்கடைச்சவன் ஓடுவானோ?"

குலசேகரத்தாருக்கு உடம்பு புல்லரித்தது. உடனே செவ்ரானுக்குப் போனார். அங்கே கராஜ் வைத்திருக்கும் லூசியன் புதுச்சேரிக்காரர், பொறுமைசாலி, ஞாயிறு பூசைக்குப் போகாமல் இருந்தவரல்ல. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வரிசையாகச் சொன்னார்.

"முசியே, மொதல்ல பின்டயர மாத்துங்க. எஞ்சின்ல இருக்கிற பலம் ரோட்டுல எறங்கணும் இல்ல? அப்பறம் கன்வெர்ட்டர். அப்பறம் பின் அச்சுல இருக்கிற பல்சக்கரம். குழாய் எல்லாம் கடைசி."

குலசேகரத்தார் கோயிலில் தேவாரம் கேட்பதுபோலக் கைகட்டிக் கேட்டார். பிறகு குழாயை மாற்றினார். ஏன் என்கிறீர்களா? டயர் கறுப்பு. கறுப்பு டயரைக் கடை வாசலில் யாருக்குக் காட்டுவது? குழாய் மினுங்குகிறது. பொனற்றைத் திறந்தால் நாலுபேர் வாயைத் திறக்கிறார்கள். "இதோடை சரி" என்றார்.

புதுத் துண்டு 14.72.

அடுத்த மாதம் பின் அச்சுப் பல்லுச் சக்கரம். இதோடை சரி. அதற்கடுத்த மாதம் கன்வெர்ட்டர். ஓட்டோமற்றிக் காரில் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவில் எண்ணெய்க்குள் சுழல்கிற சாமான் அது. கொத்துரொட்டிக்காரன் கையை நன்றாக ஓங்கித் தட்டில் இறக்குகிறானே, அப்படி இந்தப் புதுக் கன்வெர்ட்டர் எஞ்சினைக் கொஞ்சம் ஓங்கவிட்டுப் பிறகு உருளும் சில்லில் இறக்கும். இதை லூசியன் விளங்கப்படுத்தியபோது தன் தொழிலையே காருக்குள் வைத்திருக்கிறார்களே என்று குலசேகரத்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. இதோடை சரி. கடைசியாக, நிலத்தைப் பசைபோலப் பிடிக்கிற பின்டயர் இரண்டு. இதோடை சத்தியமாகச் சரி. முதலில் செய்யச் சொன்னதை நாலாவதாகச் செய்தாலும் செய்துவிட்டாரல்லவா?

சாமானை மட்டும் நம்பியிருந்தால் அவர் அரைக் கிறுக்கர்தான். அவர் பக்திமானும் ஆயிற்றே. ஒவ்வொரு சாமானைப் பூட்டும்போதும் மனதுக்குள் ஒரு நேர்த்தி வைத்தார். ஓகஸ்ட் கடைசியில் லா சப்பல் தெருக்களில் பிள்ளையார் தேர் வரும்போது சாமான் ஒன்றுக்கு இருபத்தேழு தேங்காய் உடைப்பதாக. நேர்ந்ததைத் தள்ளிப்போடக்கூடாது என்று தேங்காயை அந்தந்த மாதமே வாங்கியும் வைத்தார். எங்கே வைத்தார் என்பது அவருக்கும் பிள்ளையாருக்கும் மட்டுந்தான் தெரியும்.

மனைவி இந்திராதேவிக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சத்தம். வளைவுகளில் கார் திரும்பும்போதெல்லாம் பின்னாலிருந்து 'குடுகுடு' என்று கேட்கும்.

"இஞ்சேருங்கோ, உதென்ன சத்தம்?"

"புதுப் பல்லுச் சக்கரம். அது அப்பிடித்தான் கதைக்கும்."

"டிக்கியைத் திறவுங்கோவன், றோல்ஸ் தட்டை வைக்க."

"ஐயோ, அதுக்குள்ளை முழுக்கக் கார் திருத்திற ஆயுதச் சாமான். நீர் மடியிலை வைச்சுக்கொள்ளும்."

மடியில் வைத்துக்கொண்டார். செவ்ரானில் ஒரு கலியாண மண்டபத்துக்கு முந்நூறு றோல்ஸ் கொண்டுபோன அன்று, பச்சை விளக்கைக் கண்ட குலசேகரத்தார் பழக்கதோசத்தில் பாய்ந்தார். கார் போயிற்று, றோல்ஸ் அங்கேயே நின்றது. இந்திராதேவியின் கழுத்து, சேலை, கைப்பை, செருப்பு எல்லாவற்றிலும் நின்றது. அவர் இறங்கி, கதவில் அகப்பட்ட முந்தானையை இழுத்தெடுத்து, மூக்குநுனியில் ஒட்டியிருந்த றோல்ஸ் தூளைத் துடைத்துவிட்டு, அமைதியாகப் பேசினார்.

"வாற ஞாயிறு. பதின்மூண்டிலை துவங்கிற துண்டு ஒண்டு எடுத்தால் கார் நிக்கட்டும். இல்லாட்டித் திங்கட்கிழமை இதைக் குடுத்துப்போட்டு ஒரு வான் எடுப்பம். நாலு கதவும் பெரிய பின்பக்கமும் இருக்கிற வான்."

"இந்தப் பின்டயர் கொஞ்சம் பழகட்டும், பிறகு ஒரேயொரு..."

"இதோடை சரி" என்றார் இந்திராதேவி. அவர் சொன்னால் அது வேறு இதோடை சரி.

ஞாயிறு வந்தது. துண்டைத் தன் கண்ணாலேயே பார்க்க இந்திராதேவி முன்னால் ஏறினார். லூசியன் பூசை முடிந்த கையோடு பின்னால் மடங்கி ஏறினார். ஓடுபாதையில் இருவரும் இறங்கிக்கொண்டார்கள். ஆளுக்கு மூன்று ஓட்டம் என்று விதி. முதல் ஓட்டம் 14.09. இரண்டாவது 14.06. குலசேகரத்தார் பிள்ளையாரைத் தொட்டார், ஸ்ரேறிங்கைத் தொட்டார், தன் நெஞ்சையும் தொட்டுப் பார்த்தார். இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

"டயர்ல காத்து கொஞ்சம் கொறைச்சுப் பாப்போம்" என்று லூசியன் காற்று அளக்கும் கருவியைத் தேடி டிக்கியைத் திறந்தார். திறந்தவர் மூடவில்லை.

"முசியே குலசேகரம், இன்னா இது? காரா, தேங்கா மண்டியா?"

நாலு சாக்கு. இந்திராதேவி வந்து பார்த்தார். ஒன்றை எடுத்து உருட்டினார். குடுகுடு என்றது.

"பல்லுச் சக்கரம் எண்டு சொன்னியள்?"

குலசேகரத்தார் வானத்தைப் பார்த்தார்.

"எத்தினை?"

"சாமானுக்கு இருபத்தேழு. எல்லாமா நூற்றெட்டு. பிள்ளையாருக்கு."

லூசியன் தலையில் கைவைத்தார். "மாதாவே! அறுபத்தஞ்சு கிலோ வரும். அம்பது கிலோ எறக்குனா செக்கன்ல பத்துல ஒரு பங்கு கொறையும், முசியே. நான் சாமான் போட்டுப் போட்டுக் கொறைக்கிறேன், நீங்க தேங்கா போட்டுப் போட்டு ஏத்துறீங்களா?"

"பின்சில்லு பிடிக்கிறதுக்குப் பாரம் வேணுமெல்லே, லூசியன்?"

இப்படி ஒரு விளக்கம் கைவசம் இல்லாத இதோடை சரிக்காரரை நீங்கள் எங்கேயும் பார்க்க முடியாது.

"சரி, எறக்கி அந்தப் புல்லுல வைங்க."

"வைக்கேலாது. நேர்ந்த தேங்காய். நிலத்திலை வைச்சால் செருப்புக்கால் படும்."

சிரிக்காதீர்கள். மனிதர் உண்மையாகவே கலங்கிப்போய் நின்றார். இறக்கினால் பிள்ளையாருக்குக் குற்றம். இறக்காவிட்டால் நாளைக்குக் கார் இல்லை. ஒலிபெருக்கியில் அவருடைய இலக்கத்தைக் கூப்பிட இன்னும் அரை மணித்தியாலந்தான் இருந்தது.

இந்திராதேவி செருப்பைக் கழற்றினார். முந்தானையை இடுப்பில் செருகினார்.

"அப்ப இஞ்சையே உடையுங்கோ."

"தேருக்கெல்லே நேர்ந்தது!"

"காருக்குள்ளை பிள்ளையார் இருக்கிறாரோ?"

"ஓம்."

"கீழை சில்லு இருக்கோ?"

"ஓம்."

"நாலு மாசமா இதைச் சுத்திக் கும்பிட்டுக்கொண்டு திரியிறது நீங்கள்தானே? இது தேரில்லாமல் வேறென்ன? உடையுங்கோ!"

புல்வெளி ஓரத்தில் ஒரு சீமெந்துக் கட்டை கிடந்தது. அதன்மேல் கற்பூரம் ஏறியது. முதல் தேங்காயைக் குலசேகரத்தார் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். இரண்டாவதைக் கண்ணைத் திறந்துகொண்டு அடித்தார். பத்தாவதில் "அரோகரா" வந்துவிட்டது. அந்தச் சத்தத்துக்கு அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் எண்ணெய்க் கையோடு ஓடி வந்தார்கள். இரண்டு கையிலும் பாம்பு பச்சை குத்தியிருந்த ஒரு மலைபோன்ற மனிதர், இதனால் கார் வேகமாக ஓடுமா என்று விசாரித்தார். "அறுபத்தஞ்சு கிலோவுக்கு ஓடும்" என்று லூசியன் பிரெஞ்சில் சத்தியம் செய்தார். மலை ஒரு தேங்காய் கேட்டது. இந்திராதேவி முதலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றியது. பிறகு வரிசை. "அலே! அலே!" என்று ஒரு பக்கம், "அரோகரா" என்று ஒரு பக்கம், சிரட்டை பறக்கிறது, தேங்காய்த் தண்ணீர் தெறிக்கிறது, ஓடுபாதை நனைகிறதோ என்று அலறிக்கொண்டு வந்த அதிகாரியின் கையில் இந்திராதேவி ஒரு தேங்காய்ச் சொட்டை வைக்கிறார், அவர் கடித்துப் பார்த்துவிட்டு இன்னொன்று கேட்கிறார். நூற்றெட்டும் இருபது நிமிடத்தில் முடிந்தது.

பச்சை விளக்கு எரிந்தது. கார் பாய்ந்தது. குடுகுடு இல்லை.

துண்டில் 13.97.

குலசேகரத்தார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாம்புக்கை மனிதர் அவரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். இறங்கியதும் துண்டை மனைவியிடம் நீட்டினார். இந்திராதேவி வாசித்தார், திருப்பி வாசித்தார். காரை மெல்ல ஒருமுறை வலம் வந்தார். கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"லூசியன், உந்தப் பின்சீற்று எத்தினை கிலோ?"

"இருவது இருவத்தஞ்சு இருக்கும், மதாம்."

"கழட்டேலுமோ?"

"அரை மணி நேரத்து வேலை."

"கழட்டினால் றோல்ஸ் தட்டும் வைக்கலாம், நம்பரும் இறங்கும்." இந்திராதேவியின் கண்ணில் ஒரு மினுக்கம் தெரிந்தது, குழாயைப் பூட்டிய அன்று குலசேகரத்தாரின் கண்ணில் இருந்த அதே மினுக்கம். "இந்த ஒண்டை மட்டும் செய்வம். இதோடை சரி."

ஆகவே, இது தொற்றுகிற வியாதி. பக்கத்தில் நின்றாலே போதும். உங்களுக்கு இல்லை என்கிறீர்களா? நல்லது. ஆனால் முதலில் டயரை மாற்றியிருக்கலாமே என்று நடுவில் ஒருதரம் நினைத்தீர்களே? பின்சீற்றோடு அந்த முன்சீற்றையும் கழற்றினால் என்னவென்று இப்போது யோசிக்கிறீர்களே? ஆண்டவன் உங்களைக் காப்பாற்றட்டும். எதற்கும், அடுத்த வளைவில் கார் திரும்பும்போது பின்னாலிருந்து ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துப் பாருங்கள்.