ஃபைனலா என்று கேட்காமல் விட்டேன்

பிரியமுள்ள கரோலின் அக்காவுக்கு, தம்பி ஜெஃபின் பணிவோடு எழுதுவது. பொள்ளாச்சியில் நீங்களும் மாமாவும் பிள்ளைகளும் ஆண்டவர் காவலில் சுகமாயிருப்பீர்கள். நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆபீசில் சாய்சரண் என்று ஒருவன் இருக்கிறான். போனில் சொன்னால் மாமா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார் என்பதால் கடிதம்.

அவன் சேர்ந்து நாலு மாதம். எனக்குப் பன்னிரண்டு வருடம். ஆனாலும் மேனேஜர் கிருபா மேடம் எதற்கெடுத்தாலும் "சாயைக் கேளுங்க" என்கிறார். போன வாரம் ஒரு வேலை வந்தது. எங்கள் புரோகிராமில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துண்டு உண்டு, மெத்தட் என்பார்கள். எந்தெந்த மெத்தடை வாடிக்கையாளர்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றி எழுதலாம் என்று பட்டியல் வேண்டும். ஆயிரக்கணக்கில் இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியுமா? புரோகிராமே தன்னைச் சோதித்துச் சொல்ல வழி உண்டு, ரிஃப்ளெக்ஷன் என்பார்கள். மாற்றி எழுத இடம் கொடுக்கும் மெத்தடுக்கு விர்ச்சுவல் என்று பேர். ஒவ்வொரு மெத்தடிடமும் "நீ விர்ச்சுவலா?" என்று கேட்க வைத்தேன். ஆமாம் என்றதையெல்லாம் மாற்றலாம் என்று பட்டியலிட்டு, எல்லார் முன்னாலும் திரையில் போட்டு நிமிர்ந்து நின்றேன்.

சாய்சரண் மெல்ல, "ஏனுங்ணா, ஃபைனலான்னு கேட்டுப் பார்த்தீங்களாங்?" என்றான். சில மெத்தட்கள் விர்ச்சுவல் என்றே சொல்லுமாம், ஆனால் இனி யாரும் மாற்றக்கூடாது என்று ஃபைனல் என்ற பூட்டும் தொங்குமாம். என் பட்டியலில் அப்படி முப்பத்தேழு! மேடம் கைதட்டினாங்க. எனக்கில்லீங்க்கா.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவன் திருத்திய புரோகிராமில் ஓட்டை தேடினேன். நாலாம் நாள் கிடைத்தது. பல மெத்தட்கள் சேர்ந்து குடியிருக்கும் வீடு மாதிரியான கிளாஸையே சீல் வைத்துவிட்டால் உள்ளே இருக்கும் எந்த மெத்தடையும் மாற்ற முடியாது, அதை அவன் பார்க்கவே இல்லை! மேடம் முன்னால் போட்டு உடைத்தேன். முகம் வாடுவான் என்று பார்த்தால், "அட, ஆமாங்ணா! எனக்குத் தோணவே இல்லீங். பட்டியல்ல உங்க பேரை மொதல்ல போட்டர்றேன்" என்று சிரிக்கிறான். மேடம் உடனே, "என்ன பெருந்தன்மை பாருங்க!" என்று அதற்கும் அவனையே பாராட்டுகிறார். கண்டுபிடிச்சது நானுங்க்கா!

இனி அவனோடு பேச்சில்லை. டீக்கும் தனியாகத்தான் போகிறேன்.

மாமாவுக்கு என் தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் உங்கள் வீட்டில் தங்கியிருப்பாராக.

தங்கள் தம்பி,
ஜெஃபின்

பி.கு.: உறை ஒட்டும்போது மேடம் போன் செய்தார். சாய்சரண் ஹைதராபாத்தில் வேலை கிடைத்துப் போகிறானாம். "இனி எல்லாமே நீங்கதாங்க" என்கிறார். நான் செய்யற தப்பை இனி யாருங்க்கா சொல்லுவா? கொட்டற மழையில அவன் ஊட்டுக்குத்தான் கெளம்பிப்போட்டேன். கால்ல விழுந்தாவது நிறுத்திப்போடணும்.