வெள்ளிக்கிழமையே இனிது முடிந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

எழுவைதீவு,
ஈசுர வருஷம் தை மாதம் 21ந் திகதி (3-2-38)

"குடாநாட்டு மித்திரன்" பத்திராதிபர் ஐயா அவர்கள் சமுகத்துக்கு, எழுவைதீவு வாலிபர் சனசேவா சங்கத்தின் தலைவரும், மலாயா புகையிரதப் பகுதிப் பென்சன்காரரும், வயது அறுபத்திரண்டு நிரம்பியவருமான ஆ. மார்க்கண்டு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது:

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், அச்சுக்கூடத்தில் ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்கிற பிள்ளைகளும் ஆண்டவன் அருளால் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இவ்விடத்தில் நானும் சுகமாகத்தான் இருந்தேன், நேற்றுப் பின்னேரம் வரைக்கும்.

ஐயா, கடந்த திங்கட்கிழமைப் பத்திரிகையின் நான்காம் பக்கத்தில் எங்கள் சங்கத்தைப் பற்றி வெளியான செய்தியை, தாங்கள் மறந்திருந்தால் ஞாபகத்துக்கு வரட்டும் என்று அப்படியே எடுத்தெழுதுகிறேன்: "எழுவைதீவு வாலிபர் சனசேவா சங்கத்தின் மாதாந்தக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சரியாக மூன்று மணிக்கு, திரளான ஆண்களும் பெண்களும் சூழ ஆரம்பமாயிற்று. விசேஷ பேச்சாளராக விஜயஞ்செய்த டாக்டர் இளையதம்பி அவர்கள் 'சுத்தமே சுகம்' என்னும் பொருள்பற்றி ஒன்றரை மணி நேரம் சபையோர் மெய்மறக்கப் பேசினார். தீவாரின் குறை கேட்டு மனமுருகிய அவர், இனிமேல் புதன்கிழமைதோறும் ஓர் அப்போதிக்கரி மருந்துப் பெட்டியுடன் தீவுக்கு வர ஒழுங்கு செய்வதாகப் பலத்த கரகோஷத்தினிடையே வாக்களித்தார். பொதுக் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குவதென்றும், கரையோரத்தில் நூறு தென்னம்பிள்ளை நடுவதென்றும் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. தலைவரின் சுருக்கமான முடிவுரையுடன் கூட்டம் இனிது முடிந்தது."

இதில் எழுவைதீவு என்ற பெயரும் ஞாயிற்றுக்கிழமை என்ற கிழமையும் மட்டுமே உண்மை. மற்றதெல்லாம் முழுப் பொய். அதிலும் "சுருக்கமான முடிவுரை" என்பது பொய்யிலும் கொடிய பொய். முப்பத்தெட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்த முடிவுரை, ஐயா!

இந்தச் செய்தி எப்படித் தங்கள் கைக்கு வந்தது என்று தாங்கள் கேட்கலாம். தங்கள் பத்திரிகை திங்கட்கிழமை வெளிவருகிறது. எங்கள் தபால் வள்ளம் ஊர்காவற்றுறைக்குப் போவது செவ்வாயும் வெள்ளியும் மட்டும். ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் செவ்வாய் வள்ளத்தில் அனுப்பினால் அது அடுத்த திங்கள்தான் அச்சேறும். அதற்குள் செய்தி பழஞ்சோறாகிவிடும். ஆகையால் எங்கள் தீவுப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போவதை வெள்ளிக்கிழமையே நடந்ததாக எழுதி அனுப்பிவிடுவது வழக்கம். கோயில் தேர் கொட்டகையில் நிற்கும்போதே "தேர் இனிது இருப்புக்கு வந்தது" என்று எழுதியாகிவிடும். மாப்பிள்ளை முகம் வழிக்குமுன்னே தம்பதிகள் வாழ்த்துப் பெற்றுவிடுவார்கள். எங்கள் சங்கத்துக் காரியதரிசி பஸ்ரியாம்பிள்ளையும் எட்டு மாதமாக இப்படித்தான் செய்துவந்தான். அது எனக்குத் தெரியும், மறைக்கவில்லை. ஆனால் நான் புகையிரத ஸ்தானத்தில் இருபத்தாறு வருஷம் இருந்தவன். வராத வண்டியை வந்ததாக ஒருநாளும் புத்தகத்தில் பதிந்தவனல்ல. "தம்பி, இது ஒருநாளைக்குத் தடம் புரளும்" என்று அவனுக்கு அப்போதே சொன்னேன். அதற்கு அவன், "ஐயா, எங்கடை கூட்டம் எப்பவும் ஒரே மாதிரித்தானே நடக்குது. இதுக்குப் போய் ஆர் காத்துக்கொண்டு இருக்கிறது?" என்றான். நானும் வாயை மூடிக்கொண்டேன். அதற்கு முந்திய எட்டுச் செய்தியிலும் என் முடிவுரையை அமுதமழை என்று எழுதியிருந்தான் என்பது அதற்குக் காரணமல்ல.

இனி, நடந்ததைக் கேளுங்கள். டாக்டரை அழைத்துவர ஞாயிறு காலையிலேயே தபால் வள்ளமோட்டி சந்தியோகுவை வள்ளத்தோடு ஊர்காவற்றுறைக்கு அனுப்பினோம். டாக்டரும் கோட்டும் தொப்பியுமாக ஏறினார். பாதிக் கடலில் வாடைக்காற்று எழும்பியது. டாக்டர் காலையில் சாப்பிட்டதையும் முதல்நாள் சாப்பிட்டதையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, சந்தியோகுவின் காலைப் பிடித்தாராம். "தம்பி, எந்தக் கரை எண்டாலும் பரவாயில்லை, என்னை மண்ணிலை இறக்கிவிடும்!" வாடை தள்ளிக்கொண்டு போய் விட்ட கரை அனலைதீவு. அங்கே ஒருவரும் ஒரு டாக்டரையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. ஆனாலும் கோட்டுப் போட்ட மனிதர் ஒருவர் கரையில் வந்து விழுந்தால் அனலைதீவார் சும்மா விடுவார்களா? தூக்கிக்கொண்டு போய், கசாயம் கொடுத்து, குளிக்க வார்த்து, நண்டுக் கறியும் குத்தரிசிச் சோறும் போட்டு, மாலை சூட்டி, தங்கள் வாசிகசாலையிலே பேசவும் வைத்துவிட்டார்கள். எங்கள் டாக்டர், ஐயா! நாங்கள் மூன்று கடிதம் எழுதி, ஒரு சாக்குப் பனங்கிழங்கு ஒடியலும் அனுப்பி வருந்தி அழைத்த டாக்டர். பேசி முடித்ததும் காற்றுத் தணிய, அங்கிருந்தே ஊர்காவற்றுறைக்குத் திரும்பிவிட்டார்.

இங்கே மூன்று மணி, நாலு மணி, நாலரை. டாக்டருக்கென்று பங்குச் சாமியாரிடம் இரவல் வாங்கி வந்த கைபிடிக் கதிரை வெறுமையாக இருக்கிறது. வேறு சங்கமென்றால் கூட்டத்தை ஒத்திவைத்திருக்கும். ஆனால் பஸ்ரியாம்பிள்ளை, வெள்ளிக்கிழமை அனுப்பிய செய்தியின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்க்க, "ஐயா, கூட்டம் நடந்துபோட்டுது. இனி நடத்தாமல் விட ஏலாது" என்றான். செய்தியில் திரளான பெண்கள் என்று இருக்கிறதாம்; ஓடிப்போய்க் கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பெண்களைக் கூட்டிவந்தான். அவர்கள் வந்து இருந்ததும், முன்வரிசையில் இருந்த ஆண்கள் மணம் தாங்காமல் எழுந்து பின்வரிசைக்குப் போனார்கள். இந்த மாதம் முதலில் சைவரின் தேவாரமா, வேதக்காரரின் மாதா பாட்டா என்று ஒரு தர்க்கம் எழுந்தது. போன மாதம் எது முதலில் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லாததால் இரண்டையும் ஒரே நேரத்தில் பாடித் தீர்த்தோம்.

அடுத்தது பேச்சாளர். புங்குடுதீவுப் புகையிலை வியாபாரி தம்பிஐயா, காற்றுக்குப் பயந்து இரண்டு நாளாக எங்கள் தீவில் அகப்பட்டிருந்தார். அவரிடம் ஒரு கோட்டு இருந்தது. அவ்வளவுதான் தகுதி. பஸ்ரியாம்பிள்ளை அவரைப் பிடித்துவந்து கதிரையில் இருத்தி மாலையைப் போட்டுவிட்டான். 'சுத்தமே சுகம்' என்பதற்குப் பதிலாக அவர், வாடைக்காலத்தில் புகையிலை பூஞ்சணம் பிடிக்காமல் காப்பது எப்படி என்று அரைமணி நேரம் பேசினார். எட்டு மாதத்தில் எங்கள் சபையோர் நித்திரை கொள்ளாமல் கேட்ட பேச்சு அது ஒன்றுதான் என்பதை வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன். அவர் பேசி முடித்து இருக்கப்போன நேரத்தில் காரியதரிசி அவர் காதுக்குள் போய், "அண்ணை, புதன்கிழமைதோறும் அப்போதிக்கரி வருவார் எண்டு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ" என்று கெஞ்சினான். தம்பிஐயா சபையறியச் சத்தமாகவே, "நான் புகையிலை விக்கிறவன். அப்போதிக்கரிக்கு நான் எங்கை போறது? வேணுமெண்டால் சங்கத்துக்கு ஒரு சிப்பம் கோடாப் புகையிலை தாறன்" என்றார். கரகோஷம் அப்போதுதான் எழுந்தது. அந்த ஓரிடத்தில் செய்தி சரி.

தீர்மானங்களுக்கு வந்தோம். கிணறு இறைக்க வேண்டும் என்பதில் எல்லாருக்கும் சம்மதம். இறங்குவது யார் என்பதில் ஒருவருக்கும் சம்மதமில்லை. வடக்குக் குறிச்சியார், தெற்குக் குறிச்சி ஆள் இறங்கினால் தண்ணீர் குடிக்கமாட்டோம் என்றார்கள். தெற்குக் குறிச்சியார், தங்கள் ஆள் இறங்காவிட்டால் குடிக்கமாட்டோம் என்றார்கள். தென்னம்பிள்ளை நடுவதற்கு முன் ஊர் ஆடுகளைக் கட்டவேண்டும் என்று நான் சொன்னேன். ஆடு வைத்திருப்பவர்கள் எழுந்து போனார்கள். எழுவைதீவில் ஆடு வைத்திராதவன் நான் ஒருவன்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. போகிறவர்களைப் பார்த்துப் பஸ்ரியாம்பிள்ளை, "ஏகமனதாக! ஏகமனதாக!" என்று கத்தினான். நான் முடிவுரையைப் பிரித்தேன். இரண்டாம் பக்கம் திருப்பும்போது எனக்கு முன்னால் இருந்தது தம்பிஐயா மட்டும். அவரும் மாலையோடு நித்திரை. சுருக்கமான முடிவுரையாம்!

இதுவரைக்கும் நடந்தது சிரிப்புக்கிடமான சங்கதி. இதற்காக மட்டும் நான் பேனா எடுத்திருக்கமாட்டேன். செவ்வாய்க்கிழமை வள்ளத்தில் தங்கள் பத்திரிகை வந்தது. கடையடியில் வைத்து யாரோ உரத்து வாசித்திருக்கிறார்கள். கூட்டத்துக்கு வந்தவர்களே, தாங்கள் எழுந்து போன பிறகு டாக்டர் வந்திருப்பார், வாக்குக் கொடுத்திருப்பார் என்று நம்பிவிட்டார்கள், ஐயா. கண்ணாலே கண்டதைவிட அச்சிலே வந்ததுதான் அவர்களுக்குப் பெரிது. நேற்றுப் புதன்கிழமை விடிய நான் கரைப்பக்கம் போனபோது, இருபது இருபத்தைந்து பேர் வரிசையாகக் குந்திக்கொண்டிருந்தார்கள். கையிலே வெறும் போத்தல். மடியிலே காய்ச்சல்காரப் பிள்ளைகள். எதற்கு என்று கேட்டேன். நாகமுத்து, வாயும் வயிறுமாக இருக்கிற மகள் இராசமணியைத் தாங்கிப் பிடித்தபடி, "அப்போதிக்கரி வாறாராமே அண்ணை. பேப்பரிலை போட்டுக் கிடக்காமே" என்றாள்.

இராசமணிக்கு மாசி கடைசியில் பிள்ளைப்பேறு. போன கார்த்திகையில் சந்தியோகுவின் பெண்சாதி மதலேனாவுக்குப் பிள்ளைநோ கண்டு, சந்தியோகுவே பாய் இழுத்து ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோனான். பாதிக் கடலில் தாயும் போனாள், பிள்ளையும் போனது. அவன் வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு வந்து இறங்கியதும் அதே கரையில்தான். அந்தக் கரையிலே, இல்லாத அப்போதிக்கரிக்கு இந்தச் சனங்கள் வெயிலேறிப் பொழுதுபடும் வரைக்கும் காத்துக்கொண்டிருந்தார்கள். "வரமாட்டார், எழும்பிப் போங்கோ" என்று நான் சொன்னதற்கு, "நீங்கள் பேப்பர் படிக்கேல்லைப் போலை கிடக்கு அண்ணை" என்று நாகமுத்து எனக்கே புத்தி சொன்னாள். பொழுதுபட்ட பிறகு ஒருவரும் என் முகத்தைப் பார்க்காமல் போத்தலையும் எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வெட்கத்துக்கும் அளவில்லை.

ஆகையால், மேற்படி செய்தி அடியோடு பொய் என்றும், டாக்டர் எழுவைதீவு மண்ணை மிதிக்கவே இல்லை என்றும், ஒரு வாக்கும் கொடுக்கவில்லை என்றும், அதே நான்காம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இக்கடிதத்தை ஓர் எழுத்தும் குறையாமல் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பஸ்ரியாம்பிள்ளையை இன்றோடு காரியதரிசிப் பதவியிலிருந்து நீக்கிவிட்டேன். நீக்க எனக்கு அதிகாரமில்லை என்றான். அப்படியானால் நானும் விலகுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தங்கள் பத்திரிகை ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடட்டும்; ஆனால் நடந்ததை எழுதித் தழைக்கட்டும். தங்கள் இல்லத்தாருக்கும் அச்சுக்கூடத்தாருக்கும் என் அன்பைத் தெரிவிக்கவும்.

இங்ஙனம்,
தங்கள் மீது மிகுந்த மனவருத்தத்துடன்,
ஆ. மார்க்கண்டு

பி.கு. (8-2-38, செவ்வாய்): வெள்ளிக்கிழமை காற்றினால் தபால் வள்ளம் போகவில்லை, இக்கடிதம் என் மேசையிலேயே கிடந்தது. அது கடவுள் செயல். இன்று சந்தியோகு கொண்டுவந்த தபாலில் யாழ்ப்பாணத்து வைத்தியக் கந்தோரிலிருந்து எனக்கு ஒரு கடிதம். "டாக்டர் இளையதம்பி தங்கள் தீவில் அளித்த வாக்குறுதியைப் பத்திரிகையில் கண்டோம். அதன்படி நாளை 9ந் திகதி தொடக்கம் புதன்தோறும் அப்போதிக்கரி ஒருவர் வருவார்" என்று அதில் இருக்கிறது. எழுவைதீவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்ததாக டாக்டர் மேலிடத்துக்கு ஏற்கெனவே அறிக்கை கொடுத்துவிட்டாராம். இனி எந்த வாயால் அனலைதீவில் நண்டுக் கறி தின்றேன் என்று சொல்வார்? நாகமுத்துவிடம் போய்ச் சொன்னேன். அவள் உடனே போத்தலைக் கழுவப் போய்விட்டாள். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். ஆகவே, மேலே எழுதிய அனைத்தையும் தயவுசெய்து கிழித்து அடுப்பில் போடவும். தங்கள் பத்திரிகையில் வந்தது எழுத்துக்கு எழுத்து உண்மை. என் முடிவுரை சுருக்கமாகவே இருந்தது. நானும் விலகவில்லை, பஸ்ரியாம்பிள்ளையும் விலகவில்லை. இப்போது பக்கத்திலிருந்து எனக்கு எழுத்துப்பிழை பார்க்கிறான். இத்துடன், இம்மாதம் 27ந் திகதி ஞாயிற்றுக்கிழமை நடந்த எங்கள் அடுத்த கூட்டத்தின் அறிக்கையை என் கையாலேயே எழுதி இணைத்திருக்கிறேன். விசேஷ பேச்சாளராக வந்த எஞ்சினியர் துரையவர்கள், எழுவைதீவுக்குக் கல்லாலே இறங்குதுறை கட்டித் தருவதாகக் கண்ணீர் மல்க வாக்களித்தார். அவருக்கு அழைப்புக் கடிதம் இந்த வள்ளத்திலேயே போகிறது. செய்தியை 28ந் திகதிப் பத்திரிகையில் போடலாம். இடமிருந்தால் வருகிற திங்களே போட்டாலும் சங்கத்துக்கு ஆட்சேபனை இல்லை.