பாதி போட்டோவைத் திருப்பி அனுப்பவும்

பாசத்துக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயத்துக்கும் உரிய அக்கா அவர்களுக்கு, தையல்கடைத் தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். அங்கு தாங்களும், தங்களோடு வாழ்ந்து பழகிவிட்ட அத்தானும் சுகமென்று நம்புகிறேன். நிற்க. இல்லை, உட்கார்ந்தே படிக்கவும்.

தங்களிடம் சொல்லாமல் நான் செய்துகொண்டது குடியுரிமைக்காக நடந்த வெறும் காகிதக் கல்யாணம் என்றும், குடியுரிமை கைக்கு வந்த மறுநாளே அதை முடித்துக்கொண்டு தாங்கள் காட்டும் பெண்ணைக் கட்டுவேன் என்றும் போனில் சத்தியம் செய்திருந்தேன். தாங்களும், "சரி, தொலையட்டும். ஆனா அந்தப் பொம்பளை மூஞ்சி என் வீட்டுக்குள்ள வரக்கூடாது. உன் போட்டோவை மட்டும் அனுப்பு" என்று பெருந்தன்மையோடு சொன்னீர்கள். தனியாக எடுத்த போட்டோவுக்கு நான் எங்கே போவேன்? எல்லாவற்றிலும் அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் என்றால், என் கடைக்கு அடுத்த கதவில் சலவைக்கடை வைத்திருப்பவள், காகிதப்படி என் மனைவி. அதனால் போட்டோக்களைத் துணி வெட்டும் மேசையில் பரப்பி, சாக்குக் கட்டியால் கோடு போட்டு, பிசிறில்லாமல் வெட்டி, என் பாதியைத் தங்களுக்கு அனுப்பிவிட்டு, அவள் பாதியை மறுபடி ஆல்பத்தில் ஒட்டி பீரோவுக்குள் வைத்துவிட்டேன். அவளிடம் மூச்சுவிடவில்லை.

இந்த நாட்டில் கல்யாணத்தை வைத்துக் குடியுரிமை கேட்டால் சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். நிஜமாகவே புருஷன் பெண்டாட்டிதானா என்று கூப்பிட்டு உட்கார வைத்து விசாரிப்பார்கள். போன மாசம் எங்களைக் கூப்பிட்டாங்க. மேசைமேல பிளாஸ்டிக் செடி, அதுக்குப் பின்னால மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அதிகாரியம்மா. "வீட்டுல பாத்திரம் யாரு கழுவுறது?"ன்னாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல "நான்தான்"னு சொல்லி, அங்கேயே சண்டை போட்டோம். அந்தம்மாவுக்கு முகமெல்லாம் திருப்தி. எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. அப்புறம் கல்யாண போட்டோ இருக்கான்னு கேட்டுட்டாங்க. நான் இல்லீங்கன்னு வாயெடுக்கிறதுக்குள்ள, இவ "ஓ, கொண்டாந்திருக்கேனே"ன்னு பையிலேருந்து ஆல்பத்தை எடுத்து நீட்டிட்டா.

ஐயோ அக்கா! பக்கத்துக்குப் பக்கம் இவ மட்டும் சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. தோள்மேல ஒரு கை. கைக்கு ஆள் இல்லை. "இது யாரு கை?" "என்னுதுதாங்க." "மீதி எங்க?" "எங்க அக்கா வீட்டுலங்க." என் கையை போட்டோவுக்குப் பக்கத்துல வைக்கச் சொல்லி ஒத்துப் பார்த்தாங்க. சரி, போன்ல இருக்கிறதையாவது காட்டுங்கன்னாங்க. அந்தப் போன் என் பேன்ட் பையோட இவ கடை மெஷினுக்குள்ள போய், அலசிப் பிழிஞ்சு வெளிய வந்து ரொம்ப நாளாச்சுன்னு சொன்னேன்.

இவ கத்தியிருந்தாக்கூடச் சமாளிச்சிருப்பேன். கத்தலை. ஆல்பத்தை மூடி மடியில வெச்சுக்கிட்டா. "இது நிஜக் கல்யாணம்தானாம்மா?"ன்னு அந்தம்மா கேட்டதுக்கு, "எனக்கு நிஜம்தாங்க. அவருக்கு எப்படின்னு அவரையே கேட்டுக்குங்க"ன்னா. நான் பதறிப்போய் நாற்காலியைத் தள்ளிக்கிட்டு எழுந்துட்டேன். குடியுரிமை போயிடுமேன்னுதான், வேற ஒண்ணுமில்லை, தப்பா நினைக்காதே. அதனால ஒரு நடிப்பு நடிச்சேன் பாரு. "இவ சாவியைத் தொலைச்சுட்டு வாசல்ல நிப்பாளேன்னு இவ கோட்டுக்கெல்லாம் உள்பக்கமா தனிப் பை வெச்சுத் தைக்கிறேங்க. இவ மெஷின் நிக்கிற வரைக்கும் நானும் ஊசியைக் கீழ வைக்கிறதில்லை, சேர்ந்து வீட்டுக்குப் போகணும்ல. எங்க அக்காவுக்குப் பயந்துதாங்க வெட்டினேன்"னு சொல்லிக்கிட்டே வந்தவன், பாதியில அழுதுட்டேன். எனக்கு இவ்வளவு நல்லா நடிக்க வரும்னு எனக்கே தெரியாது.

கடைசியில அந்தம்மா, வெட்டின பாதியெல்லாம் வரவழைச்சு, ஒட்டிக் கொண்டாந்து காட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்னுட்டாங்க. ஆகவே தயவுசெஞ்சு சுவத்துல மாட்டியிருக்கிறதைக் கழட்டி அனுப்பு. பொண்ணு வீட்டுக்காரங்களுக்குக் கொடுத்ததையும் திரும்ப வாங்கிடு. மாப்பிள்ளைக்கு ஒரு கை இல்லையான்னு அவங்க கேட்டதாச் சொன்னியே, காரணம் இதுதான்.

அத்தானுக்கு என் வணக்கம். திட்டு கலந்திருந்தாலும் சரி, உன் ஆசீர்வாதம் எப்பவும் வேணும்.

இப்படிக்கு,
காகிதப்படி மட்டும் கல்யாணமான தம்பி

பின்குறிப்பு: குடியுரிமையை அன்னைக்கே கொடுத்துட்டாங்க அக்கா. நான் மூக்கைச் சிந்திக்கிட்டிருக்கும்போதே அந்தம்மா சீல் குத்திட்டாங்க. ஒட்டிக் கொண்டாரச் சொன்னது அவங்க இல்லை, இவ. அதுவரைக்கும் என்கிட்ட பேசமாட்டாளாம். ஒரு மாசமா பக்கத்துக் கடையிலேருந்து மெஷின் சத்தம் மட்டும்தான் வருது, என்னால தாங்க முடியலை. பொண்ணு பாக்கிறதை நிறுத்திடு. என் பாதியைச் சீக்கிரம் அனுப்பு. ஒட்டினதும் முழுசா ஒண்ணு அனுப்புறேன், அதே ஆணியில மாட்டிக்கோ.